ஒளியும் நேரமும்: வந்து சேரும் ஒளியும் திரும்பாத வக்தும்

ஜும்ஆ உரை, அடி அண்ணாமலை

எல்லாப் புகழும் இரவையும் பகலையும் மாறி மாறி வரச் செய்யும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழும் நம் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.



அல்லாஹ் தன் திருமறையில் காலத்தின் மீது சத்தியமிட்டு ஒரு சூராவையே இறக்கியிருக்கிறான். மூன்றே வசனங்கள் கொண்ட அல்அஸ்ர் சூரா அது. ஈமான், நல்லமல், சத்தியத்தை எடுத்துச் சொல்வது, பொறுமையை எடுத்துச் சொல்வது ஆகிய நான்கும் இல்லாத மனிதன் நஷ்டத்தில் இருக்கிறான் என்பது அதன் கருத்து. நஷ்டத்தைப் பேச வந்த இடத்தில் அல்லாஹ் ஏன் காலத்தின் மீது சத்தியமிட வேண்டும்? நம் கையில் இருக்கும் முதல் அதுதான். அதைத் தொலைத்தவன் எதை வைத்து லாபம் சம்பாதிப்பான்?

அந்தக் காலம் என்றால் என்ன? அதை எதைக் கொண்டு அளக்கிறோம்? அதற்கும் ஒளிக்கும் என்ன தொடர்பு? பள்ளியிலும் கல்லூரியிலும் இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். இன்று அதைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வக்தைக் கற்றுத் தந்தது ஒளி

தொழுகை முஃமின்கள் மீது நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று சூரா அன்னிஸாவின் 103-வது வசனம் சொல்கிறது. அந்த நேரத்தை நபி (ஸல்) அவர்களுக்குக் கற்றுத் தந்தது யார்? ஜிப்ரீல் (அலை) அவர்கள் கஅபாவின் அருகே இரண்டு நாட்கள் இமாமாக நின்று தொழவைத்தார்கள். முதல் நாள் ஒவ்வொரு தொழுகையையும் வக்தின் தொடக்கத்திலும், மறுநாள் வக்தின் பிற்பகுதியிலும் தொழவைத்து, இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் நேரம் என்று காட்டிக் கொடுத்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது.

அதில் நேரம் எப்படிச் சொல்லப்பட்டது என்று கவனியுங்கள். கடிகாரம் இல்லை, மணி இல்லை. நிழல் சாய்வதும், நிழல் நீள்வதும், சூரியன் மறைவதும், செவ்வானம் மறைவதும், விடியலின் வெளிச்சம் பரவுவதும்தான் அடையாளங்கள். ஐந்து வக்தும் ஒளியைக் கொண்டே குறிக்கப்பட்டன. அஸருக்கு ஒரு பொருளின் நிழல், உச்சி நேர நிழல் போக, அதன் ஒரு மடங்கு ஆக வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். இரு மடங்கு ஆக வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பிரபலமான சட்டம். இரண்டுக்கும் அளவுகோல் நிழல்தான்.

நம் ஊர்க் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்க ரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. திருவண்ணாமலை ஏறக்குறைய 79 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வித்தியாசம். அதனால் நமக்கு உச்சிப்பொழுது 12 மணிக்கு வராது. ஆண்டு முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 12 மணி 14 நிமிடம். பருவத்துக்குத் தக்கபடி கால் மணி நேரம் வரை முன்னும் பின்னும் போகும். ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும்போது, நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அன்று பிள்ளைகளை அழைத்து வந்து கம்பு நட்டுக் காட்டுங்கள். வக்து என்றால் என்ன என்பது அவர்களுக்குக் கண்ணால் புரியும்.

சென்னை நமக்குக் கிழக்கே 1.2 பாகை தள்ளி இருக்கிறது. அங்கே சூரியன் நம்மைவிட ஏறக்குறைய 5 நிமிடம் முன்னதாக மறைகிறது. கோவையில் நமக்குப் பின் சுமார் 8 நிமிடம் கழித்து மறைகிறது. ரமலானில் தொலைக்காட்சியில் ஒலிக்கும் சென்னை மஃரிப் பாங்கைக் கேட்டு இங்கே பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சகோதரர்களே, நம் வானத்தில் சூரியன் இன்னும் மறையவில்லை! பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் பசித்துத் தாகித்து இருந்துவிட்டு, கடைசி ஐந்து நிமிட அவசரத்தில் அந்த நோன்பை முறித்துக்கொள்ளலாமா? நம் ஊர் அட்டவணையைப் பாருங்கள். நம் பள்ளிவாசல் பாங்கைக் கேளுங்கள்.

இன்னொன்று, மலையடிவாரத்தில் வாழும் நமக்கென்றே உள்ளது. அடி அண்ணாமலையில் இருப்பவர்களுக்கு மலை கிழக்கே நிற்கிறது. அடிவானத்தில் சூரியன் உதித்து, மலையைத் தாண்டி நம் வீட்டு வாசலில் வெயில் விழ நெடுநேரம் ஆகும். தாமதமாக எழுந்தவர் மலையைப் பார்த்துவிட்டு, இன்னும் சூரியன் வரவில்லையே, ஃபஜ்ர் தொழலாம் என்று நினைத்தால் அது சரியாகாது. மலை மறைப்பது வேறு, சூரியன் உதிக்காமல் இருப்பது வேறு. நகரத்தில் இருப்பவர்களுக்கு இதுவே தலைகீழ். அவர்களுக்கு மலை மேற்கே நிற்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் போவது மஃரிப் அல்ல, அடிவானத்தில் மறைவதுதான் மஃரிப். ஃபஜ்ருக்கு நமக்கு இருக்கும் நேரம் மொத்தமே 70 முதல் 80 நிமிடம்தான். அதை மலையின் நிழலில் தொலைத்துவிடக் கூடாது.

ஒளி வந்து சேர நேரம் ஆகும்

இப்போது ஒரு படி மேலே போவோம். மழைக்காலத்தில் மலைக்கு மேல் மின்னுகிறது. மின்னலைப் பார்க்கிறோம், இடி பிறகுதான் கேட்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி எடுத்துக்கொள்கிறது. ஒளி உடனே வந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்கும் நேரம் ஆகிறது, நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து சொன்ன ஆலிம்களில் ஒருவர் இப்னுல் ஹைஸம் (ரஹ்). 965 வாக்கில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்தவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று பலரும் எண்ணிய காலத்தில், பொருளிலிருந்துதான் ஒளி கண்ணுக்கு வருகிறது என்று கிதாபுல் மனாளிர் என்ற நூலில் நிறுவினார். ஒளியின் ஓட்டம் கண்ணுக்குப் புலப்படாத வேகம் என்றாலும், அதற்கும் நேரம் தேவை என்று வாதிட்டார். ஐரோப்பாவில் 1676-ல் ரோமர் என்ற வானியலாளர் வியாழன் கோளின் துணைக்கோளைக் கவனித்து இதை உறுதி செய்தார். பூமி வியாழனிலிருந்து விலகிப் போகும் மாதங்களில் அந்தத் துணைக்கோளின் கிரகணம் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகத் தெரிந்தது. ஒளி அதிக தூரம் வர வேண்டியிருந்ததே காரணம்.

இன்று நமக்கு அளவு தெரியும். ஒளி ஒரு நொடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. பிறை பார்க்கிறோமே, அந்த ஒளி நிலவிலிருந்து புறப்பட்டு 1.3 நொடி ஆகிறது. சூரிய ஒளி 8 நிமிடம் 19 நொடி பழையது.

ஓர் இளைஞர் இங்கே கேட்கக்கூடும்: ஹஜ்ரத், அப்படியானால் சூரியன் மறைவதாக நாம் பார்க்கும்போது அது 8 நிமிடம் முன்பே மறைந்துவிட்டதா? இல்லை. சூரியன் மறைவது பூமி சுழல்வதால். அந்த எட்டு நிமிடத்தில் சூரியன் தன் இடத்தைவிட்டு அவ்வளவு நகர்ந்துவிடுவதில்லை. ஆனால் வேறொன்று உண்டு. காற்று மண்டலம் ஒளியை வளைக்கிறது. அதனால் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு நமக்குத் தெரியும் சூரியன், கணக்குப்படி ஏற்கெனவே அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். நம் ஊரில் அது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம். அப்படியிருந்தும் ஷரீஅத் என்ன செய்தது? கணிதச் சூரியனைத் தேடச் சொல்லவில்லை. இரவு இந்தப் பக்கமிருந்து வந்து, பகல் அந்தப் பக்கம் போய், சூரியன் மறைந்தால் நோன்பாளி நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உள்ளது. ஆடு மேய்ப்பவரும் பேராசிரியரும் ஒரே கண்ணால் பார்த்து அறியக்கூடிய எளிமையை அல்லாஹ் மார்க்கத்தில் வைத்திருக்கிறான்.

இன்னும் தூரம் போவோம். சூரா அன்நஜ்மின் 49-வது வசனத்தில் அல்லாஹ் தன்னை ஷிஃரா நட்சத்திரத்தின் இறைவன் என்று சொல்கிறான். இரவு வானில் மிகப் பிரகாசமாகத் தெரியும் அந்த நட்சத்திரத்தை இன்று சிரியஸ் என்கிறார்கள். அதன் ஒளி நம்மிடம் வர 8.6 ஆண்டுகள். நீங்கள் இன்றிரவு அதைப் பார்த்தால், எட்டரை ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியைப் பார்க்கிறீர்கள். தென்வானில் தெரியும் அகத்திய நட்சத்திரத்தை அரபிகள் ஸுஹைல் என்பார்கள். அதன் ஒளி வர ஏறக்குறைய 310 ஆண்டுகள். பக்கத்தில் செஞ்சிக் கோட்டையில் தேசிங்கு ராஜாவும் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானும் மோதியது 1714-ல். ஏறக்குறைய அந்தக் காலத்தில் புறப்பட்ட ஒளிதான் இப்போது நம் கண்ணில் விழுகிறது! ஆந்திரமீடா என்ற அண்டத்தை, சிறு மேகம் போன்ற ஒன்றாக 964-ல் பதிவு செய்தவர் இஸ்ஃபஹானைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. அதன் ஒளி வர ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகள்.

ஆகவே வானத்தைப் பார்க்கும் எவரும் இன்றைய வானத்தைப் பார்ப்பதில்லை. ஒரே பார்வையில் ஒரு நொடிக்கு முந்தைய நிலவையும், எட்டு ஆண்டுக்கு முந்தைய ஷிஃராவையும், முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஸுஹைலையும் பார்க்கிறோம். நம் கண்ணில் விழுவதெல்லாம் பழைய ஒளி.

காவலூர் சொல்லும் பாடம்

இதை ஆராயும் இடம் தொலைவில் இல்லை. நமக்கு வடக்கே உள்ள ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கம் காவலூரில் வானாய்வு நிலையம் 1960-களின் கடைசியிலிருந்து இயங்குகிறது. அதை உருவாக்கியவர் வைணு பாப்பு. அவருடைய தந்தை ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வு நிலையத்தில் பணியாற்றியவர். 1986-ல் அங்கே தொடங்கி வைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் கோள் மறைக்கும் நிகழ்வைக் காவலூரிலும் வேறு சில இடங்களிலும் கவனித்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே அந்த நட்சத்திர ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு மங்கலிலிருந்து யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அந்த ஒளி யுரேனஸைத் தாண்டி இங்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடந்தது முடிந்துபோய்விட்டது, ஆனால் அதன் சாட்சி வந்து சேர்ந்துவிட்டது.

சகோதரர்களே, ஒரு நட்சத்திரத்தின் சில நொடி மங்கல்கூட வீணாகாமல் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்து சாட்சி சொல்கிறது என்றால், தனியறையில் நாம் செய்த ஒன்று அழிந்துபோய்விட்டது என்று எப்படி நினைக்கிறோம்? அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காணப்படும் என்பது சூரா ஸில்ஸாலின் கருத்து. நேற்றைய நாளிலிருந்து புறப்பட்டது நம்மை விட்டுப் போய்விட்டது. அதைத் திருப்பி அழைக்க எவராலும் முடியாது. அது இல்லாமலும் போகவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே! போனில் அத்தாவின் போட்டோவைப் பார்க்கிறீர்கள். போன ரமலானில் எடுத்தது. சிரித்துக்கொண்டிருக்கிறார். அத்தா நன்றாக இருக்கிறார் என்று மனது ஆறுதல் கொள்கிறது. அது பழைய ஒளி. போன மாதம் அம்மா போனில் 'நான் நல்லாத்தான் இருக்கேன்பா' என்று சொன்ன குரலும் பழையதுதான். இன்று அவருக்கு முழங்கால் வலி எப்படி, இரவில் தூக்கம் வருகிறதா, மாத்திரை வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. நட்சத்திரத்தின் இன்றைய நிலையை அறிய நமக்கு வழியில்லை. பெற்றவர்களின் இன்றைய நிலையை அறிய வழி இருக்கிறது. ஜும்ஆ முடிந்ததும் போன் செய்யலாம். அடுத்த விடுமுறையில் வந்து நிற்கலாம். பெற்றோரின் முகத்தை மண் மறைத்த பிறகு போட்டோவின் ஒளியை வைத்துக்கொண்டு அழுவதில் என்ன பயன்?

நேரமே மாறுகிறதா?

அடுத்து, பலரையும் குழப்பும் விஷயத்துக்கு வருவோம். வேகமாகப் போனால் நேரம் மெதுவாக ஓடும் என்கிறார்கள். அது எப்படி?

விழுப்புரம் – காட்பாடி பாதையில் நம் ஊர் வழியாகப் போகும் ரயிலில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் தரையில் ஒரு கண்ணாடி, கூரையில் ஒரு கண்ணாடி. நடுவே ஓர் ஒளிக்கீற்று மேலும் கீழும் போய் வருகிறது. ஒரு தடவை போய் வந்தால் ஒரு துடிப்பு. இது ஒரு கடிகாரம். உள்ளே இருக்கும் உங்களுக்கு அந்தக் கீற்று நேராக மேலே போய் நேராகக் கீழே வருகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு? கீற்று மேலே போய்ச் சேர்வதற்குள் ரயில் முன்னே நகர்ந்துவிடுகிறது. அவர் கண்ணுக்குக் கீற்று சாய்வாகப் போகிறது. சாய்ந்த பாதை நேர்ப் பாதையைவிட நீளம்.

அது பந்தாக இருந்தால் பிரச்சினை இல்லை. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு ரயிலின் வேகமும் பந்தோடு சேர்ந்து தெரியும், நீளமான பாதையை அதே நேரத்தில் கடந்துவிடும். ஒளி அப்படி இல்லை. யார் பார்த்தாலும் அதன் வேகம் கூடுவதில்லை, குறைவதில்லை. இது பல சோதனைகளில் உறுதியான உண்மை. பாதை நீளம், வேகம் அதே. ஆகவே ஒரு துடிப்புக்கு அதிக நேரம் ஆகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவரின் கணக்கில் ரயிலுக்குள் உள்ள கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. 1905-ல் ஐன்ஸ்டீன் கண்டு சொன்னது இதுதான். ரயில் வேகத்தில் அந்த வித்தியாசம் உணரவே முடியாத அளவு சிறியது. ஒளியின் வேகத்தை நெருங்கும்போதுதான் பெரிதாகும்.

1915-ல் அவர் முடித்த அடுத்த கோட்பாடு, ஈர்ப்பு விசையும் நேரத்தை மாற்றும் என்றது. பூமிக்கு அருகே நேரம் சற்று மெதுவாகவும், உயரே சற்று விரைவாகவும் ஓடும். நம் மலை உச்சியில் ஓர் அணுக் கடிகாரமும் அடிவாரத்தில் ஓர் அணுக் கடிகாரமும் வைத்தால், உச்சியில் உள்ளது ஒரு நாளைக்கு, ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் சுமார் ஆறு பங்கு, முந்திப் போகும். உச்சியிலேயே எழுபது ஆண்டு வாழ்ந்தாலும் ஒரு நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் வராது.

இது வெறும் ஏட்டுக் கணக்கும் அல்ல. உங்கள் போனில் வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், இந்த இரண்டு விளைவும் சேர்ந்து, ஒரு நாளைக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்துகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் இடம் தவறிக் காட்டும். திருத்தி வைத்திருப்பதால்தான் நீங்கள் போக வேண்டிய தெருவுக்குச் சரியாகப் போகிறீர்கள்.

குர்ஆனுக்கு இயற்பியல் சாட்சி தேவையில்லை

இதைக் கேட்டதும் சிலருக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. உங்கள் இறைவனிடம் ஒரு நாள் நீங்கள் எண்ணும் ஆயிரம் ஆண்டுகளைப் போன்றது என்ற கருத்து சூரா ஹஜ்ஜின் 47-வது வசனத்தில் வருகிறது. சூரா மஆரிஜின் 4-வது வசனத்தில் ஐம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாள் பேசப்படுகிறது. இவற்றைப் பெருக்கி வகுத்து, இதோ ஒளியின் வேகம் குர்ஆனில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மிஃராஜ் பயணத்தை ஒளிவேகக் கணக்கில் நிறுவிக் காட்டுகிறார்கள்.

அன்புச் சகோதரர்களே, இதில் கவனம் வேண்டும். அந்த வசனங்கள் இறங்கியது நமக்குக் கணக்குப் பாடம் நடத்த அல்ல. தண்டனை ஏன் இன்னும் வரவில்லை என்று அவசரப்பட்டவர்களுக்கு, அல்லாஹ்வின் காலம் உங்கள் காலக் கணக்குக்குள் அடங்காது என்று சொல்ல இறங்கியவை. மிஃராஜ் முஃஜிஸா. தன் அடியாரை இரவில் அழைத்துச் சென்றவன் தூய்மையானவன் என்றுதான் சூரா இஸ்ராவின் முதல் வசனம் தொடங்குகிறது. அழைத்துச் சென்றவன் அல்லாஹ். அவன் படைத்த விதிக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்ல. அபூபக்ர் (ரலி) அவர்கள் எந்தச் சமன்பாட்டைக் கேட்டு உண்மைப்படுத்தினார்கள்? இயற்பியல் நாளை இன்னும் திருந்தலாம், விரியலாம். அதன் மீது ஈமானைக் கட்டி வைத்தால், அது அசையும்போது பிள்ளையின் ஈமானும் அசையும். இயற்பியலை இயற்பியலாக நன்றாகப் படியுங்கள். அல்லாஹ்வின் படைப்பு எவ்வளவு நுட்பமானது என்று வியந்து ஸுப்ஹானல்லாஹ் சொல்லுங்கள். அதுவே போதும்.

அவரவர் கடிகாரம்

இந்த அறிவியலில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. ரயிலுக்குள் இருக்கும் உங்களுக்கு உங்கள் கடிகாரம் மெதுவாக ஓடுவதாகத் தெரியுமா? தெரியாது. உங்கள் நாடித் துடிப்பு, உங்கள் பசி, உங்கள் மூப்பு எல்லாம் அந்தக் கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடும். எவ்வளவு வேகமாகப் போனாலும், உங்கள் கையில் உள்ள கடிகாரத்தில் உங்களுக்கு ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். பூமியில் இருப்பவரைவிட நீங்கள் இளமையாகத் திரும்பலாம். ஆனால் அதற்காக நீங்கள் கூடுதலாக ஒரு நாள் வாழ்ந்திருக்க மாட்டீர்கள், கூடுதலாக ஒரு ரக்அத் தொழுதிருக்க மாட்டீர்கள். வேகத்தால் எவரும் தன் ஆயுளில் ஒரு நொடியைக் கூட்டிக்கொள்ள முடியாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் காலம், அவரவர் அஜல். ஓர் ஆத்மாவுக்கு அதன் தவணை வந்துவிட்டால் அல்லாஹ் அதைப் பிற்படுத்துவதில்லை என்பது சூரா முனாஃபிகூனின் கடைசி வசனத்தின் கருத்து. அதற்கு முந்தைய வசனத்தில், கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் தர்மம் செய்வேனே என்று கெஞ்சும் மனிதனை அல்லாஹ் காட்டுகிறான். அவன் கேட்பது பெரிய ஆயுள் அல்ல, கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரம் இப்போது நம் கையில் இருக்கிறது.

தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டு போல இருக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, ஸஹாபாக்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? அது எப்படி நடக்கும் என்று கேட்கவில்லை. அந்த நாளில் ஒரு நாள் தொழுகை போதுமா என்று கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்ற கருத்தில் பதில் வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. சூரியன் அடையாளம் காட்டாத இடத்திலும் தொழுகை விழுவதில்லை என்ற சட்டத்தை ஃபுகஹாக்கள் இதிலிருந்து எடுத்தார்கள். 2007-ல் மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுகூர் விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். அங்கே ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுவதால் ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கும். அதற்காக 80 வக்து தொழ வேண்டுமா? மலேசிய உலமாக்கள், 24 மணி நேரத்துக்கு ஐந்து வக்து, ராக்கெட் புறப்பட்ட இடத்தின் நேரப்படி தொழலாம் என்று வழிகாட்டினார்கள். விண்வெளியில் மிதப்பவருக்கே மன்னிப்பு இல்லாத தொழுகை, மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கும் நமக்கு எப்படி விழும்?

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் ஏமாந்துபோகும் இரண்டு நிஃமத்துகள் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் வருகிறது. அந்த ஏமாற்றத்திலிருந்து தப்பிக்க, இந்த வாரம் மூன்று காரியங்களை நிய்யத் செய்வோம்.

ஒன்று, ஃபஜ்ரை ஒளி பரவி முடிவதற்குள் ஜமாஅத்தோடு தொழுவோம். இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகும் கையில் ஒளிரும் போன்தான் பல வீடுகளில் ஃபஜ்ரை விழுங்குகிறது. அந்த ஒளியை அணைத்தால்தான் விடியலின் ஒளி கிடைக்கும்.

இரண்டு, விட்டுப்போன தொழுகைகளையும் நோன்புகளையும் கணக்கெடுத்துக் கழா செய்யத் தொடங்குவோம். போன வக்து திரும்பாது. ஆனால் அதன் கடன் நம் மீது நிற்கிறது, தீர்க்க அல்லாஹ் வாசலைத் திறந்து வைத்திருக்கிறான்.

மூன்று, மனிதர்களுக்குத் தர வேண்டியதைத் தள்ளிப்போட வேண்டாம். வாங்கிய கடன், கூலியாளுக்குப் பாக்கி வைத்த சம்பளம், பேசாமல் விட்ட அண்ணன், கேட்காமல் விட்ட மன்னிப்பு. கடன்பட்டு இறந்தவரின் ஆத்மா கடன் தீரும்வரை தொங்கிக்கொண்டிருக்கும் என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸ் உள்ளது. நாளை செய்வோம் என்று நாம் சொல்லும் நாளின் சூரியனிலிருந்து ஒளி இன்னும் புறப்படவே இல்லை. அது நம்மீது விழுமா என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும்.

யா அல்லாஹ்! நீ தந்த நேரத்தை உனக்குப் பொருத்தமான வழியில் செலவிடும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் தொழுகைகளை வக்தில் நிலைநிறுத்துவாயாக! எங்கள் பெற்றோருக்கு ஆஃபியத்தையும் நீண்ட ஆயுளையும் தருவாயாக, எங்களை முந்திச் சென்றவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் கல்வியையும் ஈமானையும் சேர்த்து வளர்ப்பாயாக! எங்கள் ஊரில் எல்லா மக்களும் நிம்மதியாகவும் நல்லிணக்கத்தோடும் வாழ அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.